காலுக்கொரு பள்ளம், கண்ணுக்கொரு பள்ளம்

விண்கல் மோதிய இடத்தில் நடந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேள்விப்படும் பெயர்களில் இரண்டை இங்கே எடுத்துக்கொள்வோம். ஒன்று, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபிளாக்ஸ்டாஃப், வின்ஸ்லோ என்ற ஊர்களுக்கு நடுவே வறண்ட சமவெளியில் கிடக்கும் மீட்டியோர் கிரேட்டர். ஆய்வாளர்கள் அதைப் பாரிஞ்சர் பள்ளம் என்பார்கள். மற்றொன்று, மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்திலுள்ள லோணார். இரண்டும் நடுவில் மேடு எழும்பாத எளிய கிண்ண வடிவம் கொண்டவை. இரண்டையும் நிலவியல் தெரிந்த ஒருவரின் பின்னால் நடந்து பார்ப்பதே நல்லது. ஆனால் ஒன்றுக்காகச் செய்த ஏற்பாட்டோடு மற்றொன்றுக்குப் போனால் பாதிப் பயன்தான் கிடைக்கும்.

காரணம் பாறையில் இருக்கிறது. அரிசோனாவில் மோதலைப் பாறையே வெளிப்படையாகச் சொல்கிறது. நடப்பவருக்குத்தான் தடைகள் அதிகம். லோணாரில் கால் போகும் இடமெல்லாம் வழி இருக்கிறது. கண்ணுக்குத்தான் எதுவும் எளிதில் பிடிபடாது. எதற்குப் பயிற்சி வேண்டும் என்பது இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

அளவும் வயதும்

அரிசோனாப் பள்ளம் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் குறுக்களவு, 170 மீட்டர் ஆழம் கொண்டது. விளிம்பு சுற்றுச் சமவெளியைவிடச் சுமார் 45 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் 50 மீட்டர் அளவிலான இரும்பு விண்கல் ஒன்று மோதியதால் உண்டானது. மேலிருந்து பார்த்தால் வட்டமாக இல்லாமல் முனை மழுங்கிய சதுரம்போல் தெரியும். அங்குள்ள பாறையில் முன்பே இருந்த வெடிப்புகளின் வழியே பள்ளம் அதிகமாகக் கிழிந்ததால் வந்த வடிவம் அது.

லோணார் அதைவிட அகலம். குறுக்களவு சுமார் 1.8 கிலோமீட்டர், ஆழம் ஏறக்குறைய 150 மீட்டர். விளிம்பு சமவெளிக்கு மேல் 20, 30 மீட்டர்தான் எழும்பியிருக்கிறது. வடிவம் கிட்டத்தட்ட முழு வட்டம். வயதில்தான் சிக்கல். வெப்ப ஒளிர்வு முறையில் அளந்தவர்கள் 52,000 ஆண்டு என்றார்கள். ஆர்கான் முறையில் அளந்து 2011-இல் வெளியான முடிவோ சுமார் 5,70,000 ஆண்டு என்றது. பத்து மடங்குக்கும் மேல் வேறுபாடு. அரிசோனாவின் வயதில் இத்தனை இழுபறி இல்லை. லோணாருக்குப் போகிறவர் இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போனால் போதும். வழிகாட்டி சொல்லும் எண் எந்த முறையில் வந்தது என்று கேட்கத் தோன்றும்.

நடை தூரத்தையும் இந்த அளவுகளிலிருந்தே கணக்கிடலாம். விளிம்பை ஒட்டி ஒரு முழுச் சுற்று என்றால் அரிசோனாவில் நான்கு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. லோணாரில் ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சமதரையில் இது காலை நடை அளவுதான். உடைந்த பாறையில் ஏறி இறங்கி, இடையிடையே நின்று பார்த்துப் போகும்போது அரைநாள் எடுக்கும்.

காலடியில் இருப்பது

அரிசோனாவில் மூன்று பாறைகளை அறிந்தால் போதும். மேலே செந்நிற மோயன்கோப்பி. அது மெல்லிய அடுக்கு. அதன் கீழே வெளிர் மஞ்சள் நிறக் கைபாப் சுண்ணாம்புப் பாறை. அதற்கும் கீழே வெண்ணிறக் கோகோனினோ மணற்கல். பழங்காலப் பாலைவன மணல்மேடுகள் இறுகி உண்டானது. கைபாப் பாறை மழையில் கரைந்து சொரசொரப்பாகவும் கூர்முனையோடும் நிற்கும். விழுந்தால் உள்ளங்கை கிழியும். கோகோனினோவோ மோதலின் அதிர்ச்சியில் சில இடங்களில் மாவாகவே பொடிந்திருக்கிறது. உட்சரிவில் கால் வைத்தால் சறுக்கிக்கொண்டே போகும் உதிர்கற்கள். ஆகவே அடிப்பாகம் கெட்டியான, கணுக்கால் வரை பிடிக்கும் ஹைக்கிங் ஷூ அங்கே தேவை. செருப்புக்கு அங்கே இடமில்லை. விளிம்பு நடைக்கே விரல் மூடிய காலணி இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை.

லோணாரில் காலடியில் இருப்பது ஒரே ஒரு பாறை: பசால்ட். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணம் முழுக்கப் பரவிய எரிமலைக் குழம்பு, ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்து கிடக்கிறது. பசால்ட் வெயிலிலும் மழையிலும் பட்டு வெங்காயத் தோல்போல் உரிந்து உருண்டைக் கற்களாகும். கூர்மை இல்லை, ஆனால் மிதித்தால் உருளும். கணுக்கால் பிசகுவது இங்கேதான் அதிகம். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. பசால்ட் மக்கி உண்டான கரிசல் மண் ஈரத்தில் ஷூவின் அடியில் அப்பிக்கொண்டு, பத்தடி நடப்பதற்குள் காலைக் கனமாக்கிவிடும். அடிப்பள்ளங்கள் ஆழமாக உள்ள ஷூவும், மண்ணைச் சுரண்டிவிட ஒரு குச்சியும் இருந்தால் நல்லது. சரிவில் மரநிழலும் உதிர்ந்த இலையும் உண்டு. இலைக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கை ஊன்றக் கூடாது.

இறக்கம் முதலில், ஏற்றம் பிறகு

மலையேறுகிறவர் தெம்பு இருக்கும்போது ஏறுகிறார், சோர்ந்தபின் இறங்குகிறார். பள்ளத்தில் இந்த வரிசை தலைகீழ். காலைக் குளிரில், உற்சாகத்தில் இறங்கிவிடுகிறோம்; வெயில் உச்சிக்கு வந்தபிறகு, தண்ணீர் பாதி தீர்ந்தபிறகு ஏற வேண்டியிருக்கிறது. பள்ளத்தில் திணறுகிறவர்களில் பலர் இறங்கும்போது தங்கள் பலத்தைத் தப்பாக எடை போட்டவர்களே. இறங்க ஆன நேரத்தைப்போல் இரண்டு மடங்கை ஏற ஒதுக்குவதே பத்திரமான கணக்கு.

இறக்கம் சுலபம் என்பதும் முழு உண்மை இல்லை. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசையில் இது நுண்ணிய காயங்களை உண்டாக்கும். வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும் மாடிப்படி இறங்க முடியாதபடி படுத்தும். இதற்கான பயிற்சியை ஊரிலேயே செய்யலாம். ஒரு மாடி 3 மீட்டர் என்று வைத்தால், லோணாரின் ஆழம் 50 மாடிக்குச் சமம். அரிசோனாவின் ஆழம் அதைவிட ஆறேழு மாடி கூடுதல். ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் பத்து முறை இறங்கி ஏறினால் அந்த உயரம் கணக்காகிவிடும். புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே இரண்டு முறையில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கடைசி இரண்டு வாரம் முதுகில் அன்றைக்குக் கொண்டுபோகப் போகும் பையையே, அதே எடையோடு மாட்டிக்கொள்வது நல்லது. ஏறுவதற்கு மட்டும் படியில் போய், இறங்க லிஃப்டைப் பிடிக்கிறவரின் பயிற்சி பள்ளத்துக்கு உதவாது. கால்விரல் நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிக்கொள்வதும் இதைச் சேர்ந்ததே. இறக்கத்தில் விரல்கள் ஷூவின் முனையில் முட்டிக்கொண்டே இருக்கும்.

ஆனால் இரண்டு இடங்களுக்கும் இந்தப் பயிற்சி ஒரே அளவில் பயன்படாது. அரிசோனாவில் பொதுமக்கள் பள்ளத்துக்குள் இறங்க அனுமதி இல்லை. வழிகாட்டியோடு விளிம்பில் நடக்கலாம். அடிவரை போவது ஆய்வாளர்களுக்கும், முன் அனுமதி பெற்ற பயிற்சிக் குழுக்களுக்கும் மட்டுமே. அங்கே விளிம்பு நடைக்குச் சமநிலையும் மூச்சும்தான் முக்கியம். இடம் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியிலிருந்து நேராகப் போகிறவருக்கு முதல் நாள் லேசாக மூச்சு வாங்கும். முந்தைய இரவை ஃபிளாக்ஸ்டாஃபில் கழித்தால் உடல் கொஞ்சம் பழகும்; அந்த ஊர் பள்ளத்தைவிடவும் உயரத்தில் இருக்கிறது. லோணார் சுமார் 600 மீட்டர் உயரம்தான். மூச்சுப் பிரச்சினை இல்லை. அங்கே படிகளும் காட்டுப்பாதையும் பள்ளத்தின் அடியிலுள்ள ஏரியின் கரை வரை இறங்குகின்றன. 50 மாடிக் கணக்கு முழுதாகப் பொருந்துவது லோணாருக்கே.

தண்ணீர், வெயில், காற்று

அரிசோனாவில் வியர்வை தெரியாது. காற்று அவ்வளவு வறட்சி. தோலில் துளிர்க்கும்போதே ஆவியாகிவிடும். சட்டை காய்ந்தே இருப்பதால் உடல் நீரை இழப்பது மனசில் படாது. தாகம் எடுத்தபிறகு குடிக்கலாம் என்று காத்திருப்பவர் அதற்குள் தலைவலியோடு உட்கார்ந்துவிடுவார். கடிகாரத்தைப் பார்த்து கால் மணிக்கு ஒருமுறை இரண்டு வாய் குடிக்க வேண்டும். லோணாரில் நேர்மாறு. மரங்களும் ஏரியும் சேர்ந்த குழிக்குள் காற்று அசைவது குறைவு. மேலே வீசும் காற்று கீழே எட்டாது. வியர்வை வழிந்து சட்டை நனையும். ஆனால் காயாது, உடலும் குளிராது. தண்ணீரோடு உப்பும் போய்விடுவதால் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பது சரியில்லை. ஓ.ஆர்.எஸ். கரைசலோ உப்புப் போட்ட நீர்மோரோ உடன் இருக்க வேண்டும்.

கீழே ஒரு பெரிய ஏரி இருக்கிறதே என்ற நினைப்பும் கூடாது. லோணார் ஏரியின் நீர் உப்பும் காரமும் கலந்தது. அதன் பிஎச் அளவு 10-ஐ ஒட்டி இருக்கும். குடிக்க உதவாது. விளிம்பருகே வற்றாத நன்னீர் ஊற்று ஒன்று உண்டு என்றாலும், அரைநாள் நடைக்கு ஆளுக்கு மூன்று லிட்டரைக் கையோடு கொண்டுபோவதே வழி.

அரிசோனா விளிம்பில் ஒதுங்க மரம் இல்லை. காற்றுதான் அங்கே பெரிய எதிரி; வசந்தகாலத்தில் ஆளைத் தள்ளுகிற அளவுக்கு வீசும். பலத்த காற்றடிக்கும் நாளில் நடையையே ரத்து செய்துவிடுவார்கள். அகன்ற விளிம்புள்ள தொப்பி அங்கே தலையில் நிற்காது. தாடைக்குக் கீழே கட்டும் நாடா வேண்டும், அல்லது கழுத்தையும் காதையும் மூடுகிற துணி வேண்டும். மணல் துகளுக்குக் கண்ணாடி. ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை வழக்கம். திறந்த விளிம்பில் மின்னலுக்கு நம்மைவிட உயரமான பொருள் எதுவும் இருக்காது. ஆகவே காலை நடைதான் சரி. குளிர்காலத்தில் உறைபனி உண்டு.

லோணாரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். மழைக்காலத்தில் பாதை வழுக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தோதான காலம். ஆனால் நிலவியல் பார்க்கப் போகிறவருக்கு நவம்பரைவிடப் பிப்ரவரி நல்லது. இலை உதிர்ந்து, சரிவின் பாறை அப்போதுதான் வெளியே தெரியும். உடலின் வசதிக்காகப் பருவம் பார்ப்பது அரிசோனா. கண்ணின் வசதிக்காகவும் பருவம் பார்க்க வேண்டியது லோணார்.

கண்ணுக்கான பயிற்சி

அரிசோனாவின் விளிம்பில் நிலவியலின் அடிப்படை விதி ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. அடுக்குப் பாறையில் கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. அங்கே வீசியெறியப்பட்ட பாறையில் செந்நிற மோயன்கோப்பிக்கு மேலே அதைவிட மூத்த கைபாப்பும், அதற்கும் மேலே எல்லாவற்றிலும் மூத்த கோகோனினோவும் கிடக்கின்றன. விரித்த பாயின் ஓரத்தைப் பின்னுக்கு மடித்தாற்போல், மோதல் அடுக்குகளை வெளிப்புறமாகப் புரட்டிப் போட்டிருக்கிறது. சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்ற வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர், வெள்ளைக்கு அடியில் மஞ்சளையும் அதற்கடியில் சிவப்பையும் கண்டவுடன் தானாகவே நின்றுவிடுவார். வழிகாட்டி விளக்கும்வரை காத்திருக்க மாட்டார்.

அந்த வரிசை கண்முன் இருந்தும் எல்லோருக்கும் விடை கிடைத்துவிடவில்லை. அமெரிக்காவின் தலைசிறந்த நிலவியலாளர்களில் ஒருவரான குரோவ் கார்ல் கில்பர்ட் 1891-இல் அங்கே போனார். விண்கல் புதைந்திருந்தால் திசைகாட்டி முள் விலக வேண்டும், வெளியே கொட்டிய பாறையின் கனஅளவு பள்ளத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். இரண்டுமே இல்லை. பூமிக்கடியில் நீராவி வெடித்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். மோதிய கல்லில் பெரும்பகுதி மோதலிலேயே உருகியும் ஆவியாகியும் போய்விடும் என்பது அக்காலத்தில் தெரியாது. அதே கில்பர்ட்தான் நிலவின் பள்ளங்கள் மோதலால் வந்தவை என்று பின்னர் வாதிட்டார்.

சுரங்கப் பொறியாளர் டேனியல் பாரிஞ்சர் அந்தக் கவிழ்ந்த அடுக்கைச் சரியாகக் கவனித்தார். மோதல்தான் என்று உறுதியாக நம்பினார். ஆனால் இரும்பு முழுசாக அடியில் இருக்கிறது என்று 1903 முதல் துளையிட்டுத் தேடினார். 1929-இல் அவர் இறக்கும்வரை அது கிடைக்கவில்லை. சான்றை முழுமையாக்கியவர் நிலவியலாளர் யூஜின் ஷூமேக்கர். நெவாடாவில் அணுகுண்டுச் சோதனையால் உண்டான பள்ளங்களின் விளிம்பிலும் அடுக்கு இப்படியே கவிழ்ந்திருப்பதை ஒப்பிட்டுக் காட்டினார். மிகையழுத்தத்தில் மட்டுமே உருவாகும் கோயசைட் என்ற கனிமம் அந்த மணற்கல்லில் இருப்பதை 1960-இல் எட்வர்ட் சாவோ, பெத் மாட்சன் ஆகியோருடன் சேர்ந்து அறிவித்தார். அப்போலோ விண்வெளி வீரர்களுக்கு அந்தப் பள்ளத்திலேயே கள வகுப்பு நடந்தது அதன் பிறகுதான்.

லோணாருக்கு வந்தால் நிறவரிசை என்ற துணை இல்லை. மேலும் பசால்ட், கீழும் பசால்ட். கவிழ்ந்திருந்தாலும் சட்டென்று தெரியாது. சுற்றிலும் எரிமலைப் பாறை என்பதால் இதுவும் எரிமலை வாய் என்று நினைப்பது இயல்பு. 1823-இல் அலெக்சாண்டர் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தப் பள்ளத்தைப் பற்றி எழுதினார். மோதல்தான் என்பதை உறுதிப்படுத்திய ஃபிரெட்ரிக்சன் குழுவின் கட்டுரை வெளியானது 1973-இல். இடையில் 150 ஆண்டு. அந்தச் சான்றும் கண்ணால் பார்த்துக் கிடைத்ததில்லை. ஏரிக்கடியில் துளையிட்டு எடுத்த பாறையில், உருகாமலே கண்ணாடியாக மாறிய ஃபெல்ஸ்பார் கனிமத்தை நுண்ணோக்கியில் கண்டார்கள். அதற்கு மாஸ்கலினைட் என்று பெயர். பசால்டில் உண்டான பள்ளங்கள் பூமியில் மிகச் சில. நிலவின் கருந்திட்டுப் பகுதியும் செவ்வாயின் பெரும்பரப்பும் பசால்ட் என்பதால், அவற்றைப் படிக்கிறவர்களுக்கு லோணார் கையெட்டும் தூரத்து மாதிரி.

ஆகவே லோணாருக்கான வீட்டுப்பாடம் அரிசோனாவுக்கானதைவிடக் கூடுதல். ஒரு குழம்பு ஓட்டம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். உறையும் குழம்பில் வாயு மேலேறுவதால் ஓட்டத்தின் மேற்பகுதியில் குமிழ்த் துளைகள் மிகுந்திருக்கும். நடுப்பகுதி கெட்டியாக இருக்கும். இரண்டு ஓட்டங்களுக்கு இடையே செம்மண் நிறத்தில் ஒரு மெல்லிய பட்டை ஓடினால், அது முந்தைய ஓட்டம் மக்கி உண்டான தளம். அந்தப் பட்டையைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே போனால், பள்ளத்தின் சுவரில் அது கிடைமட்டமாக இல்லாமல் வெளிப்புறம் சாய்ந்திருப்பது தெரியவரும். எரிமலை ஓட்டம் தானாக அப்படிச் சாயாது; அடியிலிருந்து ஏதோ ஒன்று தூக்கித் தள்ளியிருக்கிறது. மேற்கு மலைத் தொடரின் சாலை வெட்டுகளில், மோதலே படாத தக்காணப் பசால்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இந்தச் சாய்வு உடனே கண்ணில் படும்.

வழிகாட்டியும் விதியும்

அரிசோனாப் பள்ளம் பாரிஞ்சர் குடும்பத்தின் தனியார் சொத்து. 1967 முதல் தேசிய இயற்கை அடையாளச் சின்னமும்கூட. எங்கே நிற்கலாம், எதுவரை போகலாம் என்பதெல்லாம் தீர்மானமான விதிகள். லோணார் வனவிலங்குச் சரணாலயம், புவிப் பாரம்பரியச் சின்னம், 2020 முதல் ராம்சர் ஈரநிலம். அதோடு கரையெங்கும் பழைய கோயில்கள் உள்ள வழிபாட்டு இடம். வனத்துறையின் நேரக் கட்டுப்பாட்டைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். குரங்குகள் உண்டு, கையில் உணவு தெரியக் கூடாது. இரண்டு இடத்திலும் கல்லைப் பொறுக்கவோ உடைக்கவோ கூடாது. சுத்தியலை வீட்டில் வைத்துவிட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடியையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொள்ளலாம்.

வழிகாட்டியிடம் கேட்க வேண்டியதும் வேறுபடும். அரிசோனாவில் நிலவியல் சொல்ல ஆள் இருப்பார். காற்று வலுத்தால் எங்கிருந்து திரும்புவோம் என்று நாம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். லோணாரில் உள்ளூர் வழிகாட்டிக்குப் பாதையும் கோயிலும் லவணாசுரன் என்ற அசுரனின் புராணக் கதையும் அத்துப்படி. குழம்பு ஓட்டங்களின் எல்லை, செம்பட்டை, விளிம்புக்கு வெளியே சிதறிய பாறை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று புறப்படும்போதே சொல்லிவிட்டால் அதற்கேற்ற தடத்தில் கூட்டிப்போவார். சொல்லாவிட்டால் கோயில் தடம்தான் அமையும்.

எதற்கு எது

இரண்டையும் எடைபோட்டால், கடினமான நடை எது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. முழங்காலுக்கு லோணார் கடினம். அங்கே அடிவரை இறங்கி ஏற வேண்டும். நுரையீரலுக்கும் தோலுக்கும் அரிசோனா கடினம். புரிந்துகொள்வதற்கு லோணார் பல மடங்கு கடினம். முழங்கால் வலி உள்ளவர், நிலவியலில் முதல் அடி வைக்கிறவர், சிறுவரோடு போகிறவர் ஆகியோருக்கு அரிசோனாவின் விளிம்பு நடை நிறைவானது. குறுகிய நடையிலேயே முழுப் பாடமும் கிடைத்துவிடும். உடல் தெம்பும் பொறுமையும் உள்ளவருக்கு லோணார் அதிகம் கொடுக்கும்.

அமெரிக்கப் பயணம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. லோணாருக்கு மட்டும் போக முடிகிறவர்களும் அரிசோனாவை விட்டுவிட வேண்டாம். அதன் விளிம்பின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றைத் தாளில் கையால் வரைந்து பார்த்து, அடுக்கு எங்கே நிமிர்கிறது, எங்கே மடிகிறது, எங்கே கவிழ்கிறது என்று மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளலாம். நிறம் எதுவும் துணைக்கு வராத லோணார்ச் சுவரில் அந்த மூன்று இடங்களையும் தேடுவதே அங்கே செய்ய வேண்டிய வேலை. மாடிப்படிப் பயிற்சிக்கு ஆறு வாரம் ஒதுக்குகிறவர் இந்தப் படத்துக்கும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்க வேண்டும். அதைச் செய்யாமல் போனால், 50 மாடி இறங்கி ஏறிவிட்டு ஒரு அழகான ஏரியைப் பார்த்த திருப்தியோடு திரும்ப வேண்டியிருக்கும். அதுவும் நல்ல நடைதான், ஆனால் அதற்கு நிலவியல் வழிகாட்டி தேவையில்லை.